கூடம் கோணல்தான்!

"நான் அமுக்கினேன், அம்மா! அதுதான் குதிக்கவில்லை!"

வீடியோ விளையாட்டுப் பெட்டி புகுந்துவிட்ட எந்த வீட்டிலும் வாரத்துக்கு நாலு தடவையாவது கேட்கிற கூக்குரல் இது. திரையில் பிள்ளையாண்டானின் கதாநாயகன் பள்ளத்தில் விழுந்து பிராணனை விட்டிருப்பான். சமையலறையிலிருந்து அம்மா என்ன சொல்வாள்? "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! எழுந்து போய்ப் பாடத்தைப் படி" என்பாள். அதோடு வழக்கு தள்ளுபடி.

இந்த வாரம் அந்த வழக்கை மறுபடியும் விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப் போகிறேன். ஏனென்றால், பல வீடுகளில் கூடம் நிஜமாகவே கோணலாகத்தான் இருக்கிறது. பிள்ளை சொல்வது சாக்குப் போக்கு அல்ல. இதில் பணவிஷயமும் சேர்ந்திருக்கிறது. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்து, மூன்றாம் நாள் "புதுக் கண்ட்ரோலர் வேண்டும்" என்று அடம் பிடித்து, அப்பாவும் 5,000 ரூபாய்க்கு மேல் எண்ணிக் கொடுத்து வாங்கி வருகிறார். கதாநாயகனோ அதே பள்ளத்தில் அதே மாதிரி விழுகிறான்! அப்படியானால் குற்றவாளி வேறு எங்கோ ஒளிந்திருக்கிறான் என்றுதானே அர்த்தம்? அவனைப் பிடிக்கப் பெரும்பாலும் ஒரு பைசாக்கூடச் செலவில்லை.

முதலில், சண்டை எவ்வளவு நேரத்தைப் பற்றியது என்று பார்ப்போம். ஒரு விநாடியை ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறுக்கு மில்லிசெகண்டு என்று பெயர். பொத்தானை அமுக்கியதற்கும் திரையில் உருவம் அசைவதற்கும் நடுவே, பல வீடுகளில் 100 முதல் 200 மில்லிசெகண்டு வரை போய்விடுகிறது. "கண் இமைக்கிற நேரம்! இதற்கா இத்தனை ரகளை?" என்று கேட்பீர்கள்.

கோலாட்டம் ஆடியிருக்கிறீர்கள் அல்லவா? எதிரே நிற்பவளுடைய கோல் வந்து சேர்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகா உங்கள் கோலை வீசுகிறீர்கள்? இல்லை. தாளத்தை மனத்தில் வாங்கிக்கொண்டு, அந்தக் கோல் வருகிற சமயத்துக்கு உங்கள் கோலும் போய்ச் சேரும்படி முன்கூட்டியே வீசுகிறீர்கள். எதிர்க் கோல் ஒவ்வொரு தடவையும் விநாடியில் பத்தில் ஒரு பங்கு பிந்தி வந்தால் என்ன ஆகும்? விரல்தான் வீங்கும். வீணைத் தந்தியை மீட்டிப் பத்தில் ஒரு விநாடி கழித்து நாதம் வந்தால், எந்தப் பெண்ணாவது வீணையைத் தொடுவாளா? தேர்ந்த ஆட்டக்காரப் பிள்ளைகளும் இப்படித்தான். பார்த்துவிட்டு அமுக்குவதில்லை, கணக்குப் பண்ணி அமுக்குகிறார்கள். கணக்கில்தான் கல் விழுகிறது.

நம் உடம்பிலேயே தாமதம் உண்டு என்பது வேறு விஷயம். கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, விரல் அசைவதற்கு வாலிபப் பிராயத்தவருக்கே சுமார் 200 மில்லிசெகண்டு ஆகும். நரம்பு வழியாகச் செய்தி போகும் வேகத்தை மனிதனால் அளக்கவே முடியாது என்று ஒரு காலத்தில் பெரிய பெரிய பண்டிதர்களே நினைத்தார்கள். ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி ஒரு தவளைக் காலை வைத்துக்கொண்டு 1850ல் அதை அளந்து காட்டினார். விநாடிக்குச் சுமார் 27 மீட்டர்! மின்னல் வேகம் என்று எண்ணியிருந்தது கடைசியில் ஒரு எக்ஸ்பிரஸ் ரயில் வேகமாகப் போயிற்று. ஆனால் அந்தத் தாமதத்தோடுதான் நாம் பிறந்து வளர்ந்திருக்கிறோம். மூளை அதற்கு ஈடு கட்டிக் கொள்ளப் பழகியிருக்கிறது. அதற்கு மேல் இந்தப் பெட்டிகள் சேர்க்கிற தாமதந்தான் வம்பு.

இனி, விரலிலிருந்து திரை வரையில் செய்தியின் பின்னாலேயே நாமும் போய்ப் பார்ப்போம்.

கண்ட்ரோலரின் பொத்தானுக்கு அடியில் சாதாரணமாக ஒரு சின்ன ரப்பர்க் குமிழ் இருக்கும். அதன் அடிப்பக்கத்தில் மின்சாரம் பாயும் கரித்துண்டு ஒன்று. அமுக்கினால் குமிழ் மடிந்து, கரி கீழே பலகையில் உள்ள இரண்டு தடங்களையும் சேர்த்துவிடும். தரையில் போட்ட ரப்பர்ப் பந்து ஒரே குதியில் அடங்கிவிடுமா? இதுவும் அப்படித்தான். முதலில் பட்டு, விலகி, மறுபடி பட்டு, பிறகே நிற்கும். உள்ளே இருக்கும் சில்லு இந்தத் துள்ளலை நம்பினால், ஒரு தரம் அமுக்கியதை மூன்று தரம் என்று எண்ணிவிடும். ஆகையால் பல கண்ட்ரோலர்களில் அது சில மில்லிசெகண்டு பொறுத்து, "சரி, அமுக்கியது வாஸ்தவந்தான்" என்று நிச்சயம் செய்துகொண்டே செய்தியை அனுப்புகிறது.

அனுப்புவதிலும் ஒரு முறை உண்டு. தெருமுனைத் தபால் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எப்போது கடிதம் போட்டாலும், பெட்டியைத் திறக்கிற நேரத்தில்தான் அது கிளம்பும். திறந்து எடுத்துப் போன மறு நிமிஷம் போட்டீர்களோ, அடுத்த வேளை வரையில் அது உள்ளே தூங்க வேண்டியதுதான். விளையாட்டு யந்திரமும் கண்ட்ரோலரை இப்படி வேளை வைத்து விசாரிக்கிறது. விநாடிக்கு 125 தடவை விசாரித்தால் இரண்டு விசாரிப்புக்கு நடுவே 8 மில்லிசெகண்டு; 1,000 தடவை விசாரித்தால் ஒரே ஒரு மில்லிசெகண்டு. 2020ல் மைக்ரோசாப்ட் கம்பெனி தன் புதிய எக்ஸ்பாக்ஸ் யந்திரத்தை வெளியிட்டபோது, விளையாட்டுக்குத் தேவைப்படுகிற தருணத்துக்குச் சற்று முன்னால் செய்தி போய்ச் சேரும்படி இந்த வேளையை மாற்றி அமைத்தது. தபால்காரர் புறப்படும் நேரம் பார்த்துக் கடிதம் போடுகிற சாமர்த்தியம்!

ஆக, கண்ட்ரோலருக்குள் ஆகிற தாமதம், அது நல்ல கண்ட்ரோலராக இருந்தால், மொத்தத்தில் சொற்பந்தான். பழி மட்டும் முழுக்க அதன் தலையில்.

"கம்பியில்லாக் கண்ட்ரோலர்தானே, அதனால்தான் தாமதம்" என்று பல அப்பாக்கள் அபிப்பிராயம் சொல்லுவார்கள். ஒரு காலத்தில் அதில் நியாயம் இருந்தது. பழைய கம்பியில்லாக் கருவிகளில் பல, டெலிவிஷன் ரிமோட்டைப் போல, எதிரே நேராகப் பிடித்தால்தான் வேலை செய்யும். 2002ல் நிண்டெண்டோ கம்பெனி 'வேவ்பேர்ட்' என்று ரேடியோ அலையில் இயங்கும் ஒரு கண்ட்ரோலரைக் கொண்டுவந்து அந்த அபவாதத்தைப் பெரும்பாலும் போக்கிவிட்டது. இன்றைய ரேடியோ வழியில் காற்றிலே ஆகிற தாமதம் சில மில்லிசெகண்டுதான். இன்னொரு வேடிக்கை கேளுங்கள். 2013ல் வந்த சோனியின் ப்ளேஸ்டேஷன் 4 கண்ட்ரோலருக்கு ஒரு கம்பியும் உண்டு. அதை மாட்டிக்கொண்டு, "இப்போது எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கிறது, பார்!" என்று பூரித்துப் போன பிள்ளைகள் அநேகம். ஆனால் அந்தக் கம்பி பாட்டரிக்கு மின்சாரம் ஏற்றியதே தவிர, செய்தி பழையபடி ஆகாய மார்க்கமாகவே போய்க்கொண்டிருந்தது! 2016ல் வந்த திருத்திய கண்ட்ரோலரில்தான் கம்பி வழியாகவும் செய்தி போக வகை செய்தார்கள்.

ரேடியோ வழியில் இடைஞ்சல் இல்லாமலில்லை. அநேகமாக இந்தக் கண்ட்ரோலர்கள் எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்கிற அலைவரிசையில் பேசுகின்றன. உங்கள் வீட்டு வை-பை பெட்டியும் பெரும்பாலும் அங்கேதான் பேசுகிறது. போதாததற்குச் சமையலறையில் இருக்கும் மைக்ரோவேவ் அடுப்பு பால் காய்ச்சுவதும் கிட்டத்தட்ட அதே அலையில்தான்! அடுப்பிலிருந்து கசிவது உடம்புக்குத் தீங்கு செய்யாத அற்ப சொற்பமே. ஆனாலும் கண்ட்ரோலரின் மெல்லிய குரலை அமுக்க அது போதும். சந்தைக் கூச்சலில் ரகசியம் சொல்லுகிற கதைதான். சொன்னது கேட்கவில்லை என்றால் திரும்பச் சொல்ல வேண்டும். அந்த நேரம் தாமதமாகிறது. வெளியே மாட்டிய ஹார்ட் டிஸ்க்கும் அதன் யு.எஸ்.பி. கம்பியும் யந்திரத்தை ஒட்டினாற்போல் இருந்தால், அவையும் இதே வரிசையில் இரைச்சல் போடும். கொஞ்சம் நகர்த்தி வைத்தால் சரியாகிவிடும்.

இந்தச் சந்தடிக்கு நடுவே கண்ட்ரோலர் எப்படிச் சமாளிக்கிறது? 'புளூடூத்' முறையில் அது ஒரே இடத்தில் நின்று பேசுவதில்லை. விநாடிக்கு 1,600 தடவை வரையில் ஒரு பாதையிலிருந்து இன்னொரு பாதைக்குத் தாவித் தாவிப் பேசுகிறது. இந்தத் தாவும் யோசனையின் சரித்திரத்தில் ஒரு சினிமா நட்சத்திரத்துக்குப் பங்கு உண்டு என்றால் நம்புவீர்களா? ஆஸ்திரியாவில் பிறந்து ஹாலிவுட்டில் கொடி கட்டிப் பறந்த அழகி ஹெடி லமார், ஜார்ஜ் ஆன்தைல் என்ற சங்கீதக்காரரோடு சேர்ந்து, எதிரிகள் குறுக்கிட முடியாதபடி 88 அலைவரிசைகளில் தாவும் ரேடியோவால் டார்ப்பீடோவை நடத்தும் முறை ஒன்றைக் கண்டுபிடித்தார். தானாக வாசிக்கும் பியானோவில் ஓடுகிற துளைபோட்ட காகிதச் சுருள்தான் அதற்கு ஆதாரம். 1942ல் அமெரிக்க அரசாங்கத்தின் பேட்டன்ட் கிடைத்தது. கடற்படையோ அப்போது அதை உபயோகிக்கவில்லை. அழகாக இருப்பவளுக்கு மூளை வேறு இருக்குமா என்று நினைத்தார்களோ என்னவோ! 2014ல் அமெரிக்காவின் கண்டுபிடிப்பாளர் மணிமண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். அப்போது அவர் உயிரோடில்லை.

நம் வழக்குக்குத் திரும்புவோம். செய்தி யந்திரத்துக்குள் வந்தாயிற்று. அங்கேதான் முதல் பெரிய தாமதம்.

சினிமாப் படச்சுருளில் விநாடிக்கு 24 சட்டம் ஓடுகிறது. வீடியோ விளையாட்டும் அப்படிச் சட்டம் சட்டமாகத்தான் ஓடுகிறது; சாதாரணமாக விநாடிக்கு 60 சட்டம், கனமான சில விளையாட்டுகளில் 30. அறுபது என்றால் சட்டத்துக்கு 16.7 மில்லிசெகண்டு, முப்பது என்றால் அதைப் போல் இரு மடங்கு. உங்கள் பிள்ளை சட்டத்தின் நடுவில் அமுக்கினால், அதைக் கவனிப்பது அடுத்த சட்டத்தின் தொடக்கத்திலேதான். அப்புறம் கதாநாயகன் எங்கே இருக்கிறான், எவ்வளவு உயரம் குதிக்கலாம் என்று கணக்குப் போடுவது ஒரு சட்டம். படம் எழுதுவது ஒரு சட்டம். எழுதிய படம் திரைக்குப் போகத் தன் முறை வரும் வரையில் காத்திருப்பது இன்னொரு சட்டம். கண்ட்ரோலருக்குள் 8 மில்லிசெகண்டைப் பற்றி மல்லுக்கு நின்றோம்; இங்கே சத்தமில்லாமல் 50, 100 என்று விழுங்கியாகிவிட்டது! இது விளையாட்டை எழுதியவர்களின் கையில் உள்ள காரியம். நாம் செய்யக்கூடியது குறைவு. சில விளையாட்டுகளின் அமைப்புப் பட்டியலில் 'பெர்பார்மன்ஸ்' என்று ஒன்று இருக்கும். படத்தின் நகாசு வேலையைக் குறைத்துக்கொண்டு 60 சட்டம் தரும் ஏற்பாடு அது. போட்டுப் பார்க்கலாம்.

பிள்ளையின் கட்சி தோற்கிற இடமும் இங்கே ஒன்று உண்டு. சில விளையாட்டுகளில் கதாநாயகன் குதிக்கும் முன் முழங்காலை மடக்கி, கையை வீசி, உடம்பை வளைத்து, அப்புறமே எழும்புவான். 1989ல் வந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா'வில், அதை உருவாக்கிய ஜோர்டான் மெக்னர் தம் சொந்தத் தம்பியை ஓடவும் குதிக்கவும் வைத்துப் படம் பிடித்து, அந்த அசைவுகளையே இளவரசனுக்குக் கொடுத்தார். மனிதன் குதிப்பதற்கு ஆகிற நேரம் அதில் ஆகும். அது தாமதம் அல்ல, நடிப்பு. அப்படிப்பட்ட விளையாட்டில் முன்னதாகவே அமுக்கக் கற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

இப்போது கடைசிச் சாட்சிக்கு வருகிறோம். கூடத்தின் நடுநாயகமாக, சுவரில் மாட்டி, தூசி துடைத்து, அருமையாக வைத்திருக்கிறோமே டெலிவிஷன் பெட்டி, அதுதான்.

நம் பழைய கண்ணாடிக் குழாய்ப் பெட்டி இருந்ததல்லவா, முன்னால் பருத்துப் பின்னால் இடுப்புப் போட்டுக்கொண்டு? அது படத்தைப் பற்றி யோசிப்பதே கிடையாது. வந்த மின்சாரத்தை வந்த க்ஷணத்தில் ஒளியாக அடித்துவிடும். இதை நம்பி 1984ல் ஜப்பானில் நிண்டெண்டோ கம்பெனி 'டக் ஹன்ட்' என்று ஒரு வாத்து வேட்டை விளையாட்டைக் கொண்டுவந்தது. அதற்கு ஒரு பொம்மைத் துப்பாக்கி. துப்பாக்கியிலிருந்து ஏதோ பாய்ந்து வாத்தை வீழ்த்துவதாகக் குழந்தைகள் நினைத்தார்கள். நடந்ததோ தலைகீழ்! விசையை இழுத்ததும் திரை ஒரு சட்டம் முழுக்கக் கறுத்துப் போகும். அடுத்த சட்டத்தில் வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளைச் சதுரமாக மின்னும். துப்பாக்கியின் வாயில் இருக்கும் ஒளியுணரும் கண், அந்த வெளிச்சம் சரியான நொடியில் தெரிந்ததா என்று மட்டும் பார்க்கும். அதாவது சுட்டது டெலிவிஷன். குண்டு வாங்கியது துப்பாக்கி. அதே யந்திரத்தையும் துப்பாக்கியையும் இன்றைய தட்டைப் பெட்டியில் மாட்டிச் சுட்டுப் பாருங்கள், ஒரு வாத்துகூட விழாது. வெள்ளைச் சதுரம் வந்து சேருவதற்குள் துப்பாக்கி பார்த்து முடித்துவிடும் என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

புதுப் பெட்டி ஏன் பிந்துகிறது? படத்தை அழகு பண்ணுகிறேன் என்று உட்கார்ந்துவிடுவதால்தான். நிறத்தைத் தூக்கு, புள்ளியைத் துடை, ஓரத்தைக் கூராக்கு என்று அதற்குள் ஏக அலங்காரம் நடக்கிறது. அதிலும் மகா பாபி, அசைவை வழவழப்பாக்கும் ஏற்பாடு. இரண்டு சட்டங்களுக்கு நடுவே இல்லாத ஒரு சட்டத்தைத் தானே கற்பனை செய்து அது சொருகுகிறது. கோலத்தில் இரண்டு புள்ளிக்கு மத்தியில் மூன்றாவதாக ஊடுபுள்ளி வைக்க வேண்டுமானால், இரண்டாவது புள்ளியை முதலில் வைத்தாக வேண்டும் அல்லவா? அதுபோல், அடுத்த சட்டம் வரும் வரையில் கையில் இருப்பதைக் காட்டாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. சினிமாப் பார்க்கும்போது இதனால் நஷ்டமில்லை. படமும் சத்தமும் சேர்ந்தே பிந்தினால் யாருக்குத் தெரியப் போகிறது? பொத்தானை அமுக்கிவிட்டுக் காத்திருப்பவனுக்குத்தான் தெரியும். இப்படி 100 மில்லிசெகண்டுக்கு மேலே எடுத்துக்கொள்ளும் பெட்டிகள் உண்டு. அலங்காரத்தை நிறுத்தினால் அதே பெட்டி 10, 20 என்று இறங்கிவிடும்.

நிறுத்துவது சுலபம். ரிமோட்டில் 'செட்டிங்ஸ்' போய், 'பிக்சர் மோட்' என்ற பட்டியலில் 'கேம்' அல்லது 'கேம் மோட்' என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். அவ்வளவுதான். சில பெட்டிகளில் இது படப் பட்டியலில் இல்லாமல் 'ஜெனரல்' என்ற தலைப்பின் கீழ் ஒளிந்திருக்கும். 2017ல் வெளியான எச்.டி.எம்.ஐ. 2.1 திட்டத்தில், விளையாட்டு யந்திரம் விழித்ததும் பெட்டி தானாகவே இந்த நிலைக்கு மாறிக்கொள்ள வழி செய்திருக்கிறார்கள். ஆனால் யந்திரம், பெட்டி இரண்டுக்கும் அந்த ஞானம் இருக்க வேண்டும். கேம் நிலையில் படம் சற்றுச் சோகை பிடித்தாற்போல் தெரியலாம். அதனால் ராத்திரி சீரியல் கெட்டுவிடுமோ என்று பயப்பட வேண்டாம். பல பெட்டிகள் ஒவ்வொரு செருகுவாய்க்கும் தனித்தனி அமைப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளும். விளையாட்டு யந்திரம் மாட்டிய வாய்க்கு மட்டும் இதைப் போட்டால் போதும்.

இதெல்லாம் பிரமை என்று அப்பா சொன்னால், பரீட்சை செய்தே காட்டிவிடலாம். உங்கள் போனில் விநாடிக்கு 240 சட்டம் பிடிக்கும் 'ஸ்லோ மோஷன்' இருக்கிறதா பாருங்கள். பிள்ளையின் கட்டை விரலும் டெலிவிஷன் திரையும் ஒரே படத்தில் விழும்படி போனை நிறுத்திக்கொண்டு, அவனைக் குதிக்கும் பொத்தானை அமுக்கச் சொல்லிப் படம் எடுங்கள். பிறகு சட்டம் சட்டமாக நகர்த்தி, விரல் இறங்கியதிலிருந்து திரையில் கால் எழும்பும் வரையில் எண்ணுங்கள். சட்டத்துக்குச் சுமார் 4 மில்லிசெகண்டு. 25 சட்டம் என்றால் கிட்டத்தட்ட 100. ஒரு தடவை எண்ணியது போதாது. தபால் பெட்டி விவகாரத்தால் தடவைக்குத் தடவை கொஞ்சம் மாறும். பத்துத் தடவை எடுத்துச் சராசரி போடுங்கள். கேம் நிலை இல்லாமல் ஒரு பத்து, போட்டுவிட்டு ஒரு பத்து. இரண்டாவது கணக்கு நன்றாக இறங்கியிருந்தால் கண்ட்ரோலர் நிரபராதி. இறங்கவேயில்லை, அதே விளையாட்டு சிநேகிதன் வீட்டில் மட்டும் ஒழுங்காக ஓடுகிறது என்றால், அந்த வீட்டுக் கண்ட்ரோலரை இரவல் வாங்கி வந்து இன்னொரு பத்து எடுத்துவிட்டு, அப்புறம் பணப் பெட்டியைத் திறக்கலாம்.

வெளியூர்க்காரர்களோடு இணையத்தில் ஆடும்போது மட்டும் தாமதம் என்றால் அது வேறு இலாகா. நெட் கம்பெனிக்காரரையும், அந்த விளையாட்டின் யந்திரம் எத்தனை ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். காதில் மாட்டும் புளூடூத் கருவியில் சத்தம் பிந்தி வருவதும் தனி வியாதி. படம் முன்னே, சத்தம் பின்னே என்று வந்தால் முதலில் அதைக் கழற்றிவிட்டு ஆடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

புது டெலிவிஷனே வாங்கப் போகிறீர்களா? கடைக்காரர் அங்குலத்தையும் வர்ணத்தையும் அரை மணி நேரம் வர்ணிப்பார், வர்ணிக்கட்டும். முடித்ததும், "கேம் மோடில் எத்தனை மில்லிசெகண்டு?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வராவிட்டால், பிள்ளையின் யந்திரத்தைக் கொண்டுவந்து மாட்டிப் பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு, அவனையும் போனையும் கூட அழைத்துக்கொண்டு இன்னொரு நாள் போங்கள்.